எண்ணூர் ஓதமும் மின்தேக்கியின் ஓட்டமும்

இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளில் கோடைக் காலத்தில் மின்விசிறி மெல்லச் சுழலத் தொடங்கினால், இல்லத்தார் வாயிலிருந்து வரும் முதற்சொல் ‘கண்டன்சர் போய்விட்டது’ என்பதே. கடைசல் பட்டறை வைத்திருப்போரும் அச்சொல்லையே ஆள்வர். நம் பாடநூல்கள் அதனை மின்தேக்கி என்கின்றன. ஆங்கில நூல்களோ கண்டன்சர் என்னும் பெயரைக் கைவிட்டு, கெப்பாசிட்டர் என்னும் பெயருக்கு மாறி நெடுநாளாயிற்று. 1782ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலிய அறிஞர் வோல்டா தம் மொழியில் இட்ட பெயரின் வழிவந்ததே கண்டன்சர். கற்றோர் கைவிட்ட அப்பழஞ்சொல்லை வடசென்னைப் பட்டறைகள் இன்றளவும் காத்து வருகின்றன. சொல்லாராய்ச்சியில் நாட்டமுடையோர்க்கு இது சுவையான செய்தியாகும்.

தமிழ் கற்பிப்போர்க்கு மின்னியலில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் பெரியோர் சிலர் வினவக்கூடும். பெ.நா. அப்புசாமி போன்றோர் அறிவியலைத் தமிழில் எழுதிக் காட்டிய பின்னர், அவ்வினாவுக்கு இடமில்லை என்பதே என் கருத்து. மேலும், நம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர் பட்டறைக் குடும்பத்தினர். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போரின் மக்கள். அவர்கள் இல்லத்தில் நாள்தோறும் இயங்கும் பொருளொன்றின் கணக்கு, அவர்கள் மொழியிலேயே அவர்கட்குக் கிட்டுதல் வேண்டும்.

மின்தேக்கி என்பது யாது?

இரண்டு மாழைத் தகடுகள்; அவற்றிற்கு இடையே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருள். அமைப்பு இவ்வளவே. 1745, 1746ஆம் ஆண்டுகளில் செருமனியில் கிளைஸ்ட் என்பாரும், ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் முசன்புரூக் என்பாரும் கண்ணாடிச் சாடியில் மின்னூட்டத்தைத் தேக்கிக் காட்டினர். இன்றைய மின்விசிறியின் மின்தேக்கியில் மெல்லிய நெகிழிப் படலத்தின்மேல் மாழைப்பூச்சு இட்டுச் சுருட்டி வைத்திருப்பர். வடிவம் மாறினும் தத்துவம் ஒன்றே.

நடுவே கடத்தாப் பொருள் இருக்கும்போது, அதன் வழியே மின்னோட்டம் எங்ஙனம் செல்லும்? மாணவர் முதலில் எழுப்பும் ஐயம் இது, எழுப்பவும் வேண்டும். நேர்திசை மின்சாரத்தில் அந்த ஐயம் முற்றிலும் சரியானது. 1895 முதல் 1953 வரை சென்னைத் தெருக்களில் ஓடிய டிராம் வண்டிகள் நேர்திசை மின்சாரத்தில் இயங்கியவை. அத்தகைய மின்கம்பியோடு ஒரு மின்தேக்கியை இணைத்திருப்பின், தகடுகள் நிரம்பும் வரை ஒரு நொடிப் பொழுதினும் குறைவாக மின்னோட்டம் பாய்ந்து, பின்னர் அறவே நின்றுபோயிருக்கும். நம் இல்லங்கட்கு வருவதோ மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. தகடு நிரம்புகிறது, வடிகிறது, எதிர்த்திசையில் நிரம்புகிறது, மீண்டும் வடிகிறது. இடைப்பட்ட பொருளை ஒரு மின்துகளும் கடப்பதில்லை. ஆயினும் வெளியே உள்ள கம்பியில் மின்துகள்கள் ஓயாமல் வந்து போய்க்கொண்டே இருக்கின்றன. கம்பியில் விளக்கொன்றை இடையே இணைத்தால் அது ஒளிரவும் செய்யும். ‘மின்தேக்கியின் வழியே செல்லும் மின்னோட்டம்’ என நாம் வழக்கில் கூறுவது இந்தப் போக்குவரவையே. இடைவெளியில் மாறிக்கொண்டிருக்கும் மின்புலத்தையும் ஓர் ஓட்டமாகக் கருதலாம் என 1860களில் மேக்ஸ்வெல் காட்டினார். இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று அதற்குப் பெயர். அது தனியே எழுதத்தக்க பொருள்.

கழிமுகம் கற்பிக்கும் பாடம்

இதனை விளங்கிக்கொள்ள ஆய்வுக்கூடம் செல்ல வேண்டுவதில்லை. கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்திற்குச் சென்றால் போதும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய மீனவச் சிற்றூர்களின் மக்கள் ஓதத்தின் போக்கை நன்கறிவர். கடல்மட்டம் ஏறும்போது நீர் முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் புகுகிறது. மட்டம் இறங்கும்போது வெளியேறுகிறது. ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை இந்த ஏற்றவற்றம் நிகழ்கிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. முகத்துவாரத்தில் நீர் மிக விரைந்து உட்புகுவது எப்போது? கடல்மட்டம் மிக உயர்ந்து நிற்கும்போது என்று விடைசொல்லத் தோன்றும். அஃது உண்மையன்று. மட்டம் உச்சியை எட்டும் வேளையில் கழியும் நிரம்பியிருக்கும். நீர் உள்ளும் புகாது, புறமும் செல்லாது, அசையாமல் நிற்கும். மட்டம் பாதி உயரத்தில், மிக விரைவாக ஏறிக்கொண்டிருக்கும் வேளையில்தான் ஓட்டம் மிகுதி. ஆகவே ஓட்டத்தின் உச்சம் முன்னே வருகிறது; மட்டத்தின் உச்சம் கால் சுற்று கழித்துப் பின்னே வருகிறது.

கடல்மட்டத்தை மின்னழுத்தம் எனவும், முகத்துவார ஓட்டத்தை மின்னோட்டம் எனவும், கழியின் பரப்பை மின்தேக்குத்திறன் எனவும் கொள்க. மின்தேக்கியின் இயல்பு முழுவதும் கைவரும். மின்தேக்கியில் மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிடக் கால் சுற்று, அதாவது 90 பாகை, முந்துகிறது என்று பாடநூல் கூறும். மாணவர் அதனை மனப்பாடம் செய்து எழுதுவர். கழிமுகத்தில் ஒருநாள் நின்றவர்க்கு மனப்பாடம் தேவையில்லை.

ஓட்டத்தின் அளவை முடிவு செய்வன எவை என்பதும் இதிலேயே புலனாகும். கழியின் பரப்பு இருமடங்கானால் புகும் நீரும் இருமடங்கு. ஓதத்தின் உயரம் இருமடங்கானாலும் அவ்வாறே. ஓதம் இருமடங்கு விரைவில் வந்து போனால், அதே அளவு நீர் பாதி நேரத்தில் புகவேண்டும்; ஆதலின் ஓட்டம் இருமடங்காகும். ஆக, மின்தேக்குத்திறன், மின்னழுத்தம், அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்கத்தைப் பொறுத்ததே மின்னோட்டம்.

இந்த உவமைக்கு ஒரு துயரமான நீட்சியும் உண்டு. அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் படிந்து, அக்கழியின் பகுதிகள் தூர்ந்துபோயின. பரப்புக் குறைந்தால் ஓதத்தோடு வந்து செல்லும் நீர் குறையும். மின்தேக்கி பழுதாகித் திறன் இழப்பதும் இதுவே. மின்தேக்கியை மாற்றிவிடலாம். கழியை எங்கே போய் வாங்குவது?

கணக்கைச் செய்து பார்ப்போம்

மின்விசிறியின் மின்தேக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 2.5 மைக்ரோ ஃபாரட் என்றும், 440 வோல்ட் என்றும் அச்சிட்டிருக்கும். ஃபாரட் என்னும் அலகு மைக்கேல் ஃபாரடேயின் பெயரால் அமைந்தது. அதன் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ ஃபாரட். இந்த மின்தேக்கியை மட்டும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலில் இணைத்தால் எவ்வளவு மின்னோட்டம் செல்லும்?

230 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு. ஊசலாடும் மின்னழுத்தத்தின் உச்சம் அதனினும் 1.414 மடங்கு, ஏறத்தாழ 325 வோல்ட். அவ்வுச்சத்தில் தகடுகளில் தேங்கும் மின்னூட்டம் 2.5 மைக்ரோ ஃபாரட்டை 325ஆல் பெருக்கக் கிடைப்பது. சற்றேறக்குறைய 812 மைக்ரோ கூலூம். ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் ஐம்பதில் ஒரு நொடி. சுழியிலிருந்து உச்சத்திற்குச் செல்வது கால் சுற்று. ஆகவே இருநூறில் ஒரு நொடி, அதாவது 0.005 நொடி. இந்நேரத்திற்குள் 812 மைக்ரோ கூலூம் மின்னூட்டம் கம்பியின் வழியே வந்து சேர்ந்தாக வேண்டும். ஒன்றை மற்றொன்றால் வகுக்க, சராசரி மின்னோட்டம் 0.1625 ஆம்பியர்.

மின்னோட்டமும் சைன் அலையாகவே ஏறி இறங்குவதால், அதன் உச்சம் சராசரியைப்போல் பையில் பாதி மடங்கு, அதாவது 1.571 மடங்கு இருக்கும்; 0.255 ஆம்பியர் வரும். அதனை 1.414ஆல் வகுத்தால் பயனுறு மதிப்பு 0.18 ஆம்பியர். நுண்கணிதம் அறியாதாரும் செய்யத்தக்க கணக்கு இது.

பாடநூல் வாய்பாடு இதனையே சுருக்கித் தருகிறது:

மின்னோட்டம் = 2 × பை × அதிர்வெண் × மின்தேக்குத்திறன் × மின்னழுத்தம்

‘இரண்டு பை எங்கிருந்து வந்தது?’ என மாணவர் விழிப்பதுண்டு. மேலே செய்த கணக்கில் கால் சுற்றினால் வகுத்தபோது 4 வந்தது. சராசரியிலிருந்து உச்சத்திற்குச் சென்றபோது பையில் பாதி வந்தது. இரண்டையும் பெருக்கினால் இரண்டு பை. வானத்திலிருந்து வீழ்ந்ததன்று.

அவ்வாய்பாட்டைத் தலைகீழாக்கி, மின்மறுப்பு என்ற ஒன்றைக் கூறுவதும் உண்டு. 1ஐ 2 × பை × அதிர்வெண் × மின்தேக்குத்திறன் என்பதால் வகுக்க வருவது அது. நம் மின்தேக்கிக்கு 1,273 ஓம். 230ஐ 1,273ஆல் வகுத்தால் அதே 0.18 ஆம்பியர். ஓம் என்னும் அலகு பொதுவாயினும், மின்மறுப்பும் மின்தடையும் ஒன்றல்ல. மின்தடை ஆற்றலை வெப்பமாக்கி இழக்கிறது. தூய மின்தேக்கி ஒரு கால் சுற்றில் வாங்கிய ஆற்றலை அடுத்த கால் சுற்றில் திருப்பித் தந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்துக. பின்னர்ப் பணக்கணக்கில் இது வரும்.

மின்விசிறிக்குள் இக்கணக்கை அப்படியே பொருத்துதல் கூடாது. அங்கு மின்தேக்கி தனியாக இல்லை. துணைச்சுருளோடு தொடராக இணைந்திருப்பதால் அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம் 230 வோல்ட்டாக இராது. அதனினும் கூடுதலாகவே இருக்கக்கூடும். 440 வோல்ட் தாங்கும் மின்தேக்கியைப் பொருத்துவதன் காரணங்களுள் அதுவும் ஒன்று. துணைச்சுருளின் மின்னோட்டத்தை முதன்மைச் சுருளின் மின்னோட்டத்திற்கு முந்தச் செய்வதே அதன் பணி. இரண்டும் முன்பின்னாக வருவதால் சுழலும் காந்தப்புலம் உண்டாகி, இறக்கைகள் சுற்றுகின்றன. நாட்பட்ட மின்தேக்கியின் திறன் 2.5இலிருந்து 1.5 மைக்ரோ ஃபாரட்டாகக் குறைந்தால், அதே மின்னழுத்தத்தில் அதன் மின்னோட்டம் 0.18இலிருந்து 0.11 ஆம்பியராகக் குறையும். விசிறி தளர்ந்து சுற்றும். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையில் முடியும் இதற்காகப் புது விசிறி வாங்கியோர் உளர்.

பட்டறையின் மின்கட்டணம்

சுதந்திரத்தை ஒட்டிய காலத்திலிருந்து எண்ணூரும் திருவொற்றியூரும் தொழிற்பகுதியாக வளர்ந்தன. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1955இல் என்ஃபீல்டு இந்தியா வந்தது. இப்பேராலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் பல முளைத்தன. 1970இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட் திறனுடையதாக வளர்ந்து, 2017இல் மூடப்பட்டது. அதற்கு வடக்கே 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கி வருகிறது.

பட்டறையில் கடைசல் எந்திரமும், துளையிடும் எந்திரமும், வெல்டிங் மின்மாற்றியும் இருக்கும். இவை அனைத்தும் கம்பிச் சுருள்களால் ஆனவை. சுருளின் இயல்பு மின்தேக்கிக்கு நேர்மாறானது; அதில் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்குப் பிந்தி வரும். வேலை செய்யும் மின்னோட்டத்தோடு, காந்தப்புலத்தை உண்டாக்கி அழிப்பதற்கென வெறுமனே வந்து போகும் மின்னோட்டம் ஒன்றும் கம்பியில் ஏறிக்கொள்கிறது. மின்வாரியம் இதனைத் திறன் காரணி என்னும் எண்ணால் அளக்கிறது. அது வரையறைக்குக் கீழே இறங்கினால் ஆலைகட்கு ஈட்டுக் கட்டணம் விதிக்கப்படும். அந்தத் தொகை எதற்கென அறியாமலே கட்டிவரும் சிறு பட்டறையாளர் இருக்கின்றனர்.

ஒரு காட்டு. 230 வோல்ட்டில் இயங்கும் பட்டறை ஒன்று 2,300 வாட் எடுக்கிறது. திறன் காரணி 0.7 எனக் கொள்வோம். வேலை செய்யும் மின்னோட்டம் 10 ஆம்பியர். ஆயினும் கம்பியில் செல்வது 10ஐ 0.7ஆல் வகுத்து வரும் 14.3 ஆம்பியர். இரண்டும் நேரே கூடுவன அல்ல. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப்போல் கூடுவன. ஆகவே வெற்று மின்னோட்டம் 14.3இன் வர்க்கத்திலிருந்து 10இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் காண, 10.2 ஆம்பியர். திறன் காரணியை 0.95 ஆக்க விரும்பினால் மொத்தம் 10.5 ஆம்பியருக்கு இறங்க வேண்டும். அப்போது அனுமதிக்கத்தக்க வெற்று மின்னோட்டம் 3.3 ஆம்பியர். எஞ்சிய 6.9 ஆம்பியரை மின்தேக்கி ஈடுசெய்ய வேண்டும். சுருள் பிந்துவதும் மின்தேக்கி முந்துவதும் ஒன்றற்கொன்று நேரெதிர். ஒன்று வாங்கும் வேளையில் மற்றது தருகிறது. மேலே கண்ட வாய்பாட்டைத் திருப்பி, 6.9ஐ 2 × பை × 50 × 230ஆல் வகுத்தால், வேண்டிய மின்தேக்கி ஏறத்தாழ 96 மைக்ரோ ஃபாரட்.

பயன் யாது? மின்தேக்கிக்கு முன்னே உள்ள கம்பியில் மின்னோட்டம் 14.3இலிருந்து 10.5 ஆம்பியராகிறது. கம்பி சூடேறி இழக்கும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், அவ்விழப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. ஈட்டுக் கட்டணமும் நீங்குகிறது.

மும்முனை மின்சாரப் பட்டறையில் மின்தேக்கியின்மேல் மைக்ரோ ஃபாரட்டுக்குப் பதில் கே.வி.ஏ.ஆர். என்ற அளவே பெரும்பாலும் இருக்கும். 415 வோல்ட்டில் 5 கே.வி.ஏ.ஆர். எனின் ஒவ்வொரு கம்பியிலும் செல்வது 5,000ஐ 1.732 × 415ஆல் வகுத்து வரும் 6.96 ஆம்பியர். வாங்குவோர் அதன்மேல் உள்ள வோல்ட்டையும் படிக்கவேண்டும். 440 வோல்ட்டிற்கு 5 எனக் குறித்ததை 415 வோல்ட்டில் இணைத்தால் கிடைப்பது 4.45 மட்டுமே. எந்திரங்கள் ஓடாத வேளையில் மின்தேக்கியை மட்டும் இணைத்து வைப்பதும் தவறு; அப்போது வெற்று மின்னோட்டம் மறுதிசையில் மிகும்.

வீட்டுக்கு விற்கப்படும் பெட்டி

நான் இக்கட்டுரை எழுதத் துணிந்ததற்கு முதற்காரணம் இதுதான். சுவரில் செருகினால் மின்கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று சொல்லி, பச்சை விளக்கு எரியும் சிறு பெட்டியொன்றைச் சந்தையில் விற்கின்றனர். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்துப் பெரியவர்களும் வாங்குகின்றனர். இவ்வகைப் பெட்டியினுள் முதன்மையாக இருப்பது ஒரு சிறு மின்தேக்கியே.

பட்டறையில் பயன்தந்த மின்தேக்கி வீட்டில் ஏன் பயன் தாராது? வீட்டு மின்கட்டணம் யூனிட் கணக்கில் அமைந்தது. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. உண்மையில் செலவான ஆற்றல். வந்து திரும்பும் மின்னோட்டத்திற்கு அதில் விலையில்லை. விலையில்லாத ஒன்றைக் குறைப்பதனால் கட்டணம் எங்ஙனம் குறையும்? பெட்டியில் 5 மைக்ரோ ஃபாரட் இருப்பதாகக் கொண்டால், அதில் 0.36 ஆம்பியர் சென்று திரும்பும். மீட்டரில் எண் மாறாது. அந்தப் பச்சை விளக்குக்கு ஆகும் சிறு செலவு மட்டும் கூடும். இதனை விற்க வருவோரிடம், ‘என் மீட்டர் அளப்பது எதனை?’ என்று நம் மாணவர் ஒருவர் கேட்டால் போதும்.

இறுதியாக, கையால் தொடுவோர்க்கு ஒரு சொல். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கி தேக்கியதை விடுவதில்லை. பெயரே அதனைச் சொல்கிறது. அலையின் உச்சத்தில் துண்டிக்கப்பட்டால் 325 வோல்ட் அதிலேயே நின்றிருக்கும். விசிறியின் சிறு மின்தேக்கியில் அவ்வாறு எஞ்சும் ஆற்றல் 0.13 ஜூல்தான், எனினும் ஏணிமேல் நிற்பவர் கையை உதறி நிலைதடுமாறி விழ அதுவே போதும். 96 மைக்ரோ ஃபாரட் பட்டறை மின்தேக்கியிலோ 5 ஜூல் எஞ்சும், அது விளையாட்டன்று. அதன் முனைகளுக்கிடையே தகுந்த மின்தடை ஒன்று நிலையாக இணைந்திருத்தல் வேண்டும். 1 இலட்சம் ஓம் மின்தடை எனின், அதனை 96 மைக்ரோ ஃபாரட்டால் பெருக்க வருவது 9.6 நொடி. அதனைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 48 நொடி கழிந்தால், 325 வோல்ட் சுமார் 2 வோல்ட்டாக இறங்கிவிடும். அந்த மின்தடை அறுந்துபோயிருக்கவும் கூடும். ஆதலின் ஒரு நிமிடம் பொறுத்து, மின்னழுத்தமானியால் முனைகளைச் சோதித்த பின்னரே கைவைக்க வேண்டும்.